லாண்டிஸ் சொன்ன உண்மைக்கு நன்றி சொல்லலாம், வாங்கின காசை என்ன செய்யறது?

எண்ணூர்_ரோடு எழுதியது:

சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் பேரைக் கேள்விப்படாதவங்க நம்ம ரைடு குரூப்புல யாரும் இல்ல. புற்றுநோயிலிருந்து எழுந்து வந்து 1999லேர்ந்து 2005 வரைக்கும் ஏழு டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சார், அப்புறம் ஊக்கமருந்து எடுத்ததுக்காக ஏழையும் பிடுங்கிட்டாங்க. ஆனா அவர்கூடவே ஓட்டி, அவருக்காக மலையில இழுத்து, கடைசியில அணிக்குள்ள நடந்த ஊக்கமருந்து விவகாரம் எல்லாத்தையும் பேர் போட்டு தேதி போட்டு எழுதிக் கொடுத்த ஃப்ளாய்ட் லாண்டிஸைப் பத்திக் கேட்டா, "அவனும் ஊசி போட்டவன்தானே"ன்னு முடிச்சிடுறாங்க. அப்படி முடியற ஆள் இல்ல அவர். அதனால தனி இழையா போடறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

1975ல பென்சில்வேனியாவுல ஃபார்மர்ஸ்வில்னு ஒரு சின்ன ஊர்ல பிறந்தவர். மென்னோனைட்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பம், கட்டுப்பாடு ஜாஸ்தி. அரைக்கால் சட்டை போட்டு வெளியே போறதே அடக்கமில்லாத காரியம்னு நினைக்கிற வீடு, அதனால பையன் முழு பேண்ட் போட்டுத்தான் சைக்கிள் ஓட்டினான். இந்தப் பைத்தியம் தெளியட்டும்னு அப்பா வீட்டு வேலையை ஏத்திக்கிட்டே போனார். பையன் வேலையை முடிச்சிட்டு ராத்திரியில, குளிர்ல, இருட்டுல ஓட்டினான். 1993ல அமெரிக்க ஜூனியர் மலை சைக்கிள் சாம்பியன். 20 வயசுல கலிஃபோர்னியாவுக்குப் போயிட்டார். 2002ல ஆர்ம்ஸ்ட்ராங்கோட யுஎஸ் போஸ்டல் அணி.

2003 ஆரம்பத்துல பயிற்சியில விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சது. அந்த மூட்டுக்கு ரத்த ஓட்டம் நின்னு எலும்பு சாக ஆரம்பிச்சது. அதோடதான் 2005ல ஃபோனாக் அணிக்குப் போனார், அதோடதான் 2006 டூரும் ஓட்டினார்.

அந்த 2006 டூரை மட்டும் நிதானமா சொல்றேன். ஆர்ம்ஸ்ட்ராங் ஓய்வு பெற்றாச்சு. ஜெயிக்க வாய்ப்பிருந்த உல்ரிச், பாஸ்ஸோ ரெண்டு பேரையும் ஸ்பெயின்ல நடந்த ரத்தப் பை ஊக்கமருந்து விசாரணையில பேர் வந்ததால ஆரம்பத்துக்கு முந்தின நாளே வெளியே அனுப்பிட்டாங்க. லாண்டிஸ் மஞ்சள் ஜெர்சியில, அதாவது மொத்த நேரத்துல முதல் இடத்துல இருந்தார். 16ஆவது கட்டம், லா தூசுயிர் ஏற்றத்துல ஆள் அப்படியே செத்து விழுந்த மாதிரி ஆயிட்டார். ஒரே நாள்ல 11ஆவது இடத்துக்குப் போயாச்சு, 8 நிமிஷம் 8 வினாடி பின்னாடி. டூர் முடிஞ்சதுன்னு எல்லாரும் எழுதிட்டாங்க.

மறுநாள், ஜூலை 20, மோர்ஸீன் கட்டம். மொத்தம் 200 கிலோமீட்டர், அஞ்சு மலை. முதல் மலை சேஸியிலேயே கூட்டத்தைப் பிச்சுக்கிட்டுக் கிளம்பினார். முன்னாடி ஓடிக்கிட்டு இருந்தவங்களைப் பிடிச்சார், அவங்களையும் ஒவ்வொருத்தரா உதிர்த்தார். அணிக் காரிலேர்ந்து பாட்டில் பாட்டிலா தண்ணி வாங்கித் தலையில ஊத்திக்கிட்டே போனார். ரெண்டாவது வந்த சாஸ்த்ரேயை விட 5 நிமிஷம் 42 வினாடி முன்னாடி வந்து சேர்ந்தார். மொத்த நேரத்துல முதல் இடத்துல இருந்த பெரெய்ரோவுக்கும் அவருக்கும் இப்ப வெறும் 30 வினாடிதான் வித்தியாசம். ரெண்டு நாள் கழிச்சு, ஒவ்வொருத்தரா தனியா ஓட்டற நேர ஓட்டத்துல மஞ்சள் ஜெர்சியைத் திரும்ப வாங்கி, பாரிஸ்ல 57 வினாடி வித்தியாசத்துல ஜெயிச்சார்.

இது எவ்வளவு பெரிய காரியம்னு நம்ம ஆளுங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. பழவேற்காடு போயிட்டு காலை 10 மணிக்கு மேல திரும்பினவங்களுக்குத் தெரியும். கடல் காத்து எழும்பின பிறகு அத்திப்பட்டு தாண்டி வரும்போது முன்னாடி ஒரு ஆள் இருந்தா கால் வலிக்காது, அவர் விலகினா அடுத்த நிமிஷமே தொடை எரியும். அந்தக் காத்தை நூறு கிலோமீட்டருக்கு மேல தன் நெஞ்சுல வாங்கிக்கிட்டுப் போனவர் அவர், அதுவும் ஆல்ப்ஸ் மலையில. நான் அதை டிவியில பார்த்தப்ப எழுந்து நின்னுட்டேன்.

பாரிஸ் முடிஞ்சு நாலே நாள். ஜூலை 27. அந்த 17ஆவது கட்டத்துல எடுத்த சிறுநீர் மாதிரியில டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் அளவு சிக்கலாயிருக்குன்னு செய்தி.

அதுக்கப்புறம் நாலு வருஷம் மறுத்துக்கிட்டே அவர் பண்ணினது ஒண்ணு, 2010ல உண்மையை ஒத்துக்கிட்டுப் பண்ணினது வேற. ரெண்டையும் தனித்தனியா பேசலாம்னு நினைக்கிறேன். நீங்க சொல்லுங்க.


வியாசை_கோலி எழுதியது:

அண்ணே, சோக்கா எழுதிக்கிற. ஆனா எனக்குப் பிரியாதது ஒண்ணு. அந்த டெஸ்ட்ல மாட்டினது நெஜமா பொய்யா? சில பேர் லேப்ல தப்பு பண்ணிட்டாங்கன்றாங்க. யார் சொல்றத நம்பறது?


தண்டையார்பேட்டை_மருந்துக்கடை எழுதியது:

தம்பி, அதை நான் சொல்றேன், இது நம்ம தொழில்.

உடம்புல டெஸ்டோஸ்டிரோன்னு ஒண்ணு, எபிடெஸ்டோஸ்டிரோன்னு இன்னொண்ணு. சாதாரணமா ரெண்டும் ஏறக்குறைய சம அளவு. வெளியிலேர்ந்து முதலாவதை ஏத்தினா விகிதம் எகிறும். 4க்கு 1 வரைக்கும் விடுவாங்க. லாண்டிஸுக்கு வந்தது 11க்கு 1. ஆனா விகிதம் மட்டும் போதாது, சிலருக்கு இயற்கையிலேயே கூட இருக்கும். அதனால ரெண்டாவது சோதனை: கார்பன் ஐசோடோப்பு. தொழிற்சாலையில செய்யற டெஸ்டோஸ்டிரோனுக்கு மூலப்பொருள் சோயா மாதிரித் தாவரம். அதுல கனமான கார்பன்-13 கொஞ்சம் குறைவு. மனுஷ உடம்பு தானா செஞ்சதா, வெளியிலேர்ந்து வந்ததான்னு அதை வச்சுப் பிரிச்சிடலாம். அவர் மாதிரி அந்தச் சோதனையிலயும் மாட்டிச்சு.

லேப்ல தப்பு நடந்ததும் உண்மைதான், அதை மறைக்கக் கூடாது. 2007 செப்டம்பர்ல தீர்ப்பு சொன்ன மூணு பேர் குழு, விகிதச் சோதனையை முறைப்படி செய்யலன்னு சொல்லித் தள்ளிட்டாங்க. ஆனா ஐசோடோப்பு முடிவு நிக்கும்னு ரெண்டு பேர் சொன்னாங்க, ஒருத்தர் மறுத்தார். 2008 ஜூன்ல விளையாட்டு நடுவர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி பண்ணிச்சு. பட்டம் பெரெய்ரோவுக்குப் போயிடுச்சு. ரெண்டு வருஷத் தடை.

இதுல விசித்திரம் என்னன்னா, 2010ல எல்லாத்தையும் ஒத்துக்கிட்டப்பவும் "2006 டூர்ல டெஸ்டோஸ்டிரோன் மட்டும் நான் எடுக்கல, வளர்ச்சி ஹார்மோன் எடுத்தேன்"னுதான் சொன்னார். நான் லேப் பக்கம்தான். ஐசோடோப்பு முடிவுக்கு அவர் தரப்பு சொன்ன பதில் எதுவும் எனக்கு ஒட்டல. நீர்ச்சத்து போயிடுச்சு, முந்தின நாள் ராத்திரி விஸ்கி குடிச்சேன், தைராய்டு மாத்திரைன்னு ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் வந்தது. விஸ்கி குடிச்சா கார்பன் மாறாது.

ரத்தம் ஏத்தற கதையையும் சொல்லிடறேன், அதுதான் பெருசு. ஈபிஓன்னு ஒரு மருந்து, சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுக்கறது, என் கடையிலயே டயாலிசிஸ் ஆளுங்க சீட்டோட வருவாங்க. சிவப்பணுவைக் கூட்டும். 2000 வரைக்கும் அதைக் கண்டுபிடிக்க நேரடிச் சோதனையே இல்ல. சோதனை வந்ததும் இவங்க பழைய வழிக்குத் திரும்பிட்டாங்க: தன் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சு, ரேஸ் நடுவுல திரும்ப ஏத்திக்கறது. தன் ரத்தம்தானே, எந்த மருந்தும் சிக்காது. ஆனா குளிர் கொஞ்சம் தப்பினாலும் அந்தப் பை விஷம். 2003ல ஸ்பெயின் ஜிரோனாவுல ஆர்ம்ஸ்ட்ராங் வீட்டு அலமாரிக்குள்ள ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், உள்ளே ரத்தப் பைகள். அவர் ஊருக்குப் போன நேரத்துல தினமும் அதோட வெப்பநிலையைப் பார்த்துக்கற வேலை லாண்டிஸுக்குன்னு அவரே எழுதியிருக்கார். டூர் டி பிரான்ஸ் ஓட்டறவன், பின்னாடி அதையே ஜெயிச்சவன், அடுத்தவர் வீட்டுல உக்காந்து ஃப்ரிட்ஜுக்குக் காவல். படிச்சிட்டு எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.


ஜீரோ_கேட் எழுதியது:

துறைமுகத்துல கிளியரிங் வேலை பார்க்கறவன் நான், அந்தப் பக்கத்துலேர்ந்து சொல்றேன்.

எல்லாரும் லாண்டிஸ் மேல சொல்ற பெரிய குத்தம், "காசுக்காகக் காட்டிக் கொடுத்தான்". 2010 ஏப்ரல்ல எல்லாத்தையும் எழுதி சைக்கிள் அதிகாரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார், மே 20ல பத்திரிகையில வந்தது, ஜூன்லயே அமெரிக்க அரசு சார்பா வழக்குப் போட்டார். அந்த வழக்கு ஜெயிச்சா அவருக்கும் பங்கு உண்டு. இதுதான் குத்தம்னா, கஸ்டம்ஸ்ல தினமும் நடக்கறது அதேதான். வரி ஏய்ப்பு பத்தித் துப்பு கொடுக்கறவனுக்கு 20 சதவீதம் வரைக்கும் வெகுமதி உண்டுன்னு அரசாங்கமே விதி வச்சிருக்கு. துப்பு கொடுக்கறது யாரு? தெருவுல போற புண்ணியவான் இல்ல. கூட இருந்த பங்காளி, கமிஷன்ல சண்டை வந்த ஆள், வேலையை விட்டு அனுப்பின கணக்குப்பிள்ளை. கன்டெய்னருக்குள்ள என்ன இருக்குன்னு வெளியாளுக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவுல அந்தச் சட்டம் 1863லேர்ந்து இருக்கு. உள்நாட்டுப் போர் சமயத்துல ராணுவத்துக்கு மட்டமான சரக்கு வித்தவங்களைப் பிடிக்கக் கொண்டு வந்தது. அரசாங்கத்தை ஏமாத்தினதை உள்ளே இருந்தவன் வந்து சொன்னா, மீட்ட தொகையில அவனுக்குப் பங்கு. யுஎஸ் போஸ்டல் அரசாங்கத் தபால் துறை. அணிக்குச் சுமார் 3 கோடி 20 லட்சம் டாலர் கொடுத்திருக்கு, மருந்து எடுக்க மாட்டோம்னு எழுதி வாங்கிட்டு. அது அரசாங்கத்தை ஏமாத்தினதுதானே? மூணு மடங்கு அபராதம் விழுந்திருந்தா ஆர்ம்ஸ்ட்ராங் கிட்டத்தட்ட 10 கோடி டாலர் கட்டியிருக்கணும். 2018 ஏப்ரல்ல 50 லட்சத்துக்குச் சமாதானம் ஆச்சு. லாண்டிஸுக்கு அதுல 11 லட்சம், வக்கீல் செலவுக்குத் தனியா 16 லட்சத்து 50 ஆயிரம்.

வேலை கேட்டார், ஆர்ம்ஸ்ட்ராங் தரப்பு சேர்த்துக்கல, அந்த ஆத்திரம்னு சொல்றாங்க. இருக்கட்டும். ஆத்திரத்துல சொன்னாலும் சொன்னது உண்மையான்னுதான் பார்க்கணும். 2004 டூர்ல அணிப் பஸ் மலைச் சாலையில இன்ஜின் கோளாறுன்னு ஓரங்கட்டி, உள்ளேயே படுக்க வச்சு ரத்தம் ஏத்தினாங்கன்னு சொன்னார். அப்போ எல்லாரும் அவரைப் பைத்தியம்னாங்க. 2012 அக்டோபர்ல அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை ஆயிரம் பக்கத்துக்கு மேல ஆதாரம் வெளியிட்டப்ப, 26 பேர் சாட்சி, அதுல 11 பேர் ஆர்ம்ஸ்ட்ராங்கோட பழைய அணிக்காரங்க. கதை அப்படியே பொருந்திச்சு.


கொருக்குப்பேட்டை_அக்கா எழுதியது:

ஜீரோ கேட் சொல்றது சட்டப்படி சரி. ஆனா ரெண்டு பொம்பளைங்க பேரை யாருமே சொல்லல, எனக்கு அதுதான் வருத்தம்.

எம்மா ஓரைலி, அந்த அணியில மசாஜ் பண்ணின பெண். 1999 டூர்ல ஆர்ம்ஸ்ட்ராங்குக்குச் சோதனையில ஸ்டீராய்டு தெரிஞ்சப்ப, பழைய தேதி போட்டு ஒரு மருந்துச் சீட்டு தயார் பண்ணினாங்கன்னு 2004லயே வெளியே சொன்னவங்க. பெட்ஸி ஆண்ட்ரூ, இன்னொரு ரைடரோட மனைவி. 1996ல ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்ட ஆர்ம்ஸ்ட்ராங் என்னென்ன மருந்து எடுத்தேன்னு சொன்னதை அறையில இருந்து காதால கேட்டேன்னு சத்தியப் பிரமாணத்துல சொன்னவங்க. ரெண்டு பேரும் ஒரு ஊசியும் போட்டவங்க இல்ல. ரெண்டு பேருக்கும் எந்தச் சட்டத்துலயும் பங்கு கிடையாது. கிடைச்சது வழக்கு, கேவலமான பேச்சு, வருஷக்கணக்குல தனிமை. அந்தச் செய்தியை எழுதின லண்டன் பத்திரிகை ஆர்ம்ஸ்ட்ராங்குக்கே நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாச்சு.

அவங்க சொன்னப்ப நம்பாத உலகம், ஏமாத்தினவரே வந்து சொன்னப்ப நம்பிச்சு. இதுக்கு லாண்டிஸ் பொறுப்பில்ல, ஒத்துக்கறேன். ஆனா அவரை வீரர்னு தூக்கறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு பேரைக் கும்பிடணும்.

இன்னொண்ணு. 2007 மே மாசம் விசாரணையில கிரெக் லெமாண்ட் சாட்சி சொல்ல வந்தார். டூரை மூணு தடவை ஜெயிச்சவர், லாண்டிஸ்கிட்ட ஃபோன்ல "உண்மையைச் சொல்லிடு, உனக்கு நல்லது"ன்னு முன்னாடியே சொன்னவர். சின்ன வயசுல தனக்கு நடந்த பாலியல் கொடுமையை, மறைச்சு வச்சா மனுஷனை அரிச்சிடும்னு புரிய வைக்கறதுக்காக லாண்டிஸ்கிட்ட நம்பிச் சொல்லியிருந்தார். சாட்சிக்கு முந்தின நாள் ராத்திரி லாண்டிஸோட மேனேஜர் லெமாண்டுக்கு ஃபோன் பண்ணி, அந்தக் கொடுமை பண்ணின ஆள் மாதிரியே பேசி மிரட்டினார். லெமாண்ட் அடுத்த நாள் விசாரணையிலயே அதை எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சார். மேனேஜரை அங்கேயே வேலையை விட்டு எடுத்துட்டாங்க. ஆனா அந்த ரகசியம் மேனேஜர் காதுக்கு எப்படிப் போச்சு? நம்பிச் சொன்னது ஒருத்தர்கிட்ட. என்னால அதை மட்டும் தாண்டிப் போக முடியல. ஊசி போட்டது, பட்டம் போனது எல்லாம் அவங்க விளையாட்டுக்குள்ள நடந்த அசிங்கம். இது வேற.


எண்ணூர்_ரோடு எழுதியது:

அக்கா, நீங்க சொன்ன ரெண்டு பேரையும் சேர்க்காம இந்தக் கதை முழுசாகாது. நன்றி.

எனக்குத் தாண்ட முடியாதது லெமாண்ட் விஷயத்தோட இன்னொண்ணும் இருக்கு, தலைப்புலயே போட்டது. ஃபேர்னஸ் ஃபண்ட். 2007ல வழக்கு நடத்தறதுக்குன்னு மக்கள்கிட்ட வசூல். ஊர் ஊராப் போய்க் கூட்டம் போட்டார், "நான் நிரபராதி, என்னை அநியாயமா மாட்ட வைக்கிறாங்க"ன்னு பேசினார், புஸ்தகமே எழுதினார். நம்பி 1,700 பேருக்கு மேல காசு கொடுத்தாங்க. 2012 ஆகஸ்ட்ல சான் டியேகோ அரசு வக்கீல்கிட்ட அது மோசடின்னு ஒத்துக்கிட்டு, சுமார் 4 லட்சத்து 78 ஆயிரம் டாலரைத் திருப்பிக் கொடுக்கறேன்னு எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதிக் கொடுத்ததாலதான் வழக்கை நிறுத்தி வச்சாங்க.

ஊசி போட்டதை நான் பெருசா எடுக்கல. அந்த வருஷங்கள்ல அணிக்குள்ள வந்தவனுக்கு, எடு, இல்லன்னா வீட்டுக்குப் போன்னுதான் இருந்தது. 2002ல அணியில சேர்ந்த கொஞ்ச நாள்லயே அணி இயக்குநர் கையில, தோல்ல ஒட்டற டெஸ்டோஸ்டிரோன் பேட்ச் கொடுத்தார்னு எழுதியிருக்கார். 26 வயசுப் பையன். நான் அந்த இடத்துல இருந்து எழுந்து போயிருப்பேன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. ஆனா மாட்டினப்புறம் வாயை மூடிக்கிட்டு ரெண்டு வருஷத் தடையை வாங்கிட்டுப் போயிருக்கலாம். பள்ளிக்கூட வாத்தியார், ரிட்டயர்டு ஆளு, சைக்கிள் கடைக்காரன்கிட்ட கையேந்தி, பொய்க்குக் காசு வாங்கினதை எப்படி ஜீரணிக்கறது? அந்த வசூலை யாரும் அவர் தலையில கட்டல. எந்த அணியும் கட்டாயப்படுத்தல.

நம்ம பக்கத்துல ஒரு பையன் தேசியப் போட்டிக்குப் போறான்னா ரயில் டிக்கெட்டுக்கு எப்படிக் காசு சேரும்னு எல்லாருக்கும் தெரியும். காசிமேட்டுல ஏலம் முடிஞ்சு வர்றவங்க நூறு போடுவாங்க, ஆட்டோ ஸ்டாண்டுல ஐம்பது ஐம்பதா சேரும், சர்ச்சுல ஒரு கவர், மசூதியில ஒரு கவர். கேரம்ல 2024ல உலக சாம்பியனான காசிமா, ஆட்டோ ஓட்டறவர் பொண்ணு, நம்ம வடசென்னைப் பொண்ணு. அந்த மாதிரிப் பிள்ளைங்க அக்கம்பக்கத்துத் துணையோடதான் மேல வர்றாங்க. அதனாலதான் அந்த 1,700 பேரும் எனக்கு அந்நியமாத் தெரியல.


ஜீரோ_கேட் எழுதியது:

அந்தக் காசை ஒத்துக்கிட்டுத் திருப்பித் தர்றேன்னு எழுதிக் கொடுத்தார்ல? ஆர்ம்ஸ்ட்ராங் மேல நம்பிக்கை வச்சு அவர் அறக்கட்டளை வித்த மஞ்சக் கைவளையம் வாங்கினவங்களுக்கு யார் திருப்பித் தந்தாங்க?


கொருக்குப்பேட்டை_அக்கா எழுதியது:

கைவளையம் வாங்கின காசு புற்றுநோய் ஆளுங்களுக்குப் போச்சு தம்பி. அதையும் இதையும் சேர்க்காதீங்க.


பழைய_வண்ணை எழுதியது:

நான் சைக்கிள் ரேஸ் ஓட்டியவன் அல்ல, ஆனால் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒன்று சொல்ல வேண்டும்.

லாண்டிஸைப் பற்றிப் பேசும்போது நம் கோமதி மாரிமுத்து நினைவுக்கு வருகிறார். திருச்சி முடிகண்டத்துப் பெண். 2019ல் தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் தங்கம். தமிழ்நாடே கொண்டாடியது. அடுத்த மாதமே சோதனையில் நாண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து இருந்தது என்று செய்தி. நான்கு ஆண்டுத் தடை, பதக்கம் போயிற்று. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று அவர் சொன்னார், மேல்முறையீடு எடுபடவில்லை. நான் இங்கே அவர் சரியா தவறா என்று பேச வரவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. லாண்டிஸ் பின்னால் வக்கீல் கூட்டம், விஞ்ஞானிகள், மலிபுவில் பல்கலைக்கழக அரங்கில் நாள்கணக்கில் விசாரணை, நேரலை ஒளிபரப்பு. நம் பெண் பின்னால் யார் இருந்தார்கள்? வரவேற்பு கொடுத்த மேடைகளில் ஒன்றாவது அதற்குப் பிறகு அவர் வீட்டு வாசலுக்குப் போயிற்றா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் 2023 கணக்கில் நம் நாட்டில் ஐந்தாயிரத்துச் சொச்சம் மாதிரிகளில் 3.8 சதவீதம் சிக்கியிருக்கிறது. நிறைய சோதனை செய்யும் நாடுகளில் இவ்வளவு விகிதம் வேறு எங்கும் இல்லை. ஆனால் லாண்டிஸ் போல உள்ளே இருந்து, யார் கொடுத்தார்கள், எங்கே வாங்கினார்கள், எந்தப் பயிற்சியாளர் என்று பெயர் சொல்லி எழுதிக் கொடுத்த இந்திய விளையாட்டு வீரர் யாரையாவது நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? பிடிபடுவது எப்போதும் பிள்ளைகள். ஊசி கொண்டு வந்தவன் பெயர் வெளியே வருவதே இல்லை. அந்த ஒரு காரணத்துக்காக நான் லாண்டிஸ் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். இயக்குநர், மருத்துவர், அணி முதலாளி என்று மேலே இருந்தவர்களைத் தொட்டது அவர் கடிதம்தான். உலக சைக்கிள் சங்கத் தலைவர்கள் அவர் மேல் சுவிட்சர்லாந்தில் அவதூறு வழக்குப் போட்டு 2012ல் ஜெயித்தார்கள், அதே ஆண்டு முடிவதற்குள் அவர்களே ஆர்ம்ஸ்ட்ராங் பட்டங்களை ரத்து செய்ய வேண்டி வந்தது.

தாயாரிடம் 2010 மே மாதம், செய்தி வருவதற்குச் சற்று முன்தான் முதன்முதலாக உண்மையைச் சொன்னார் என்று படித்தேன். நான்கு ஆண்டு அந்த அம்மா ஊராரிடம் தன் மகனுக்காகப் பேசிக் கொண்டிருந்தார். கோமதி விஷயத்திலும் முதலில் கஷ்டப்பட்டது வீட்டிலிருந்தவர்கள்தானே.


தண்டையார்பேட்டை_மருந்துக்கடை எழுதியது:

ஐயா சொன்னது சரி. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன். அந்த லேப் கம்ப்யூட்டரை யாரோ ஹேக் பண்ணித் திருடின ஆவணங்களை லாண்டிஸ் தரப்பு பயன்படுத்தினதுக்கு 2011ல பிரான்ஸ் நீதிமன்றம் அவருக்கு 12 மாசம் நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத் தண்டனை கொடுத்தது. உண்மையைச் சொன்ன பக்கத்தை எழுதும்போது இதையும் எழுதிடணும்.


வியாசை_கோலி எழுதியது:

பெரியவங்க எல்லாம் பேசிக்கினு இருக்கீங்க, நடுவுல நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. இந்த இழையப் படிச்சதுலேர்ந்து எனக்கு வயித்தக் கலக்குது.

என் தம்பிக்கு 16 வயசு. சைக்கிள் ட்ராக்ல ஸ்பிரிண்ட் ஓட்டறான். மாவட்டத்துல ஜெயிச்சான், அடுத்து மாநிலப் போட்டி. போன மாசம் ஏரியாவுல எல்லாரும் சேர்ந்து அவனுக்கு வீல் வாங்க வசூல் பண்ணிக் கொடுத்தோம். எங்க தெரு ஃபுட்பால் பசங்க டின்னு குலுக்கி வீடு வீடாப் போனாங்க. எங்க ஆயா வெத்தலப் பையிலேர்ந்து காசு எடுத்துப் போட்டுச்சு. அண்ணன் அந்த ஃபண்டு மேட்டர் எழுதினதும் எனக்கு அந்த டின்னுதான் கண்ல நின்னுச்சு.

இப்ப அவன் போற ஜிம்ல ஒரு ஆள் பவுடர் கொடுக்கறார். டப்பாவுல இங்கிலீஷ்ல என்னவோ எழுதிக்கீது, ஊர் பேர் இல்ல. கூட சின்னதா ஒரு மாத்திரை, பேப்பர்ல மடிச்சுக் கொடுத்துருக்கார், "இது விட்டமின்"னு. தம்பி பவுடர் சாப்ட்டுக்கினு இருக்கான், மாத்திரை இன்னும் போடல. நான் கேட்டா, "எல்லாரும் சாப்பிடறாங்கடா"ன்றான். அந்த ஆளு கெட்டவர் இல்ல, பசங்களுக்கு ஃபீஸ் கூட வாங்கறதில்ல. என்ன பண்றது?


எண்ணூர்_ரோடு எழுதியது:

கோலி, நீ கேட்டது நல்லதாச்சு. மருந்துக்கடை அண்ணன் பதில் சொல்ற வரைக்கும் தம்பியை மாத்திரையைத் தொட வேணாம்னு சொல்லு. பவுடரையும் நிறுத்தச் சொல்லு. வீல் வந்திடுச்சுல்ல? ஞாயித்துக்கிழமை அவனையும் கூட்டிக்கிட்டு வா, எர்ணாவூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் டிரெய்லர் கம்மியா இருக்கற நேரத்துல ஓட்டலாம். ஆனா லாரி பின்னாடி ஒட்டிக்கிட்டு வேகம் பிடிக்கற பழக்கம் இருந்தா இப்பவே விடச் சொல்லு, அந்த ரோட்டுல அது உயிருக்கு ஆபத்து.


தண்டையார்பேட்டை_மருந்துக்கடை எழுதியது:

கோலி தம்பி, பயப்படாதீங்க, ஆனா நான் சொல்றதை அப்படியே செய்யுங்க.

பேப்பர்ல மடிச்சுக் கொடுக்கற மாத்திரை எதுவா இருந்தாலும் விளையாட்டுப் பிள்ளை வாயில வைக்கக் கூடாது. விட்டமின் மாத்திரைக்கு அட்டை இருக்கும், அட்டையில பேர் இருக்கும், கடையில பில் இருக்கும். அட்டை இல்லாம கொடுக்கறவர் நல்லவரா கெட்டவரான்னு நமக்கு ஆராய்ச்சி வேண்டாம். ஃபீஸ் வாங்காதவர்ங்கறதுக்காக விழுங்கணும்னு இல்ல.

விதி எப்படின்னா, உடம்புல என்ன இருந்ததோ அதுக்கு ஓட்டினவன்தான் பொறுப்பு. யார் கொடுத்தாங்க, தெரியாம சாப்பிட்டேன்ங்கறதெல்லாம் தண்டனையைக் கொஞ்சம் குறைக்கலாம், மாட்டினதை மாத்தாது. 16 வயசுக்கும் அதேதான். பவுடர் டப்பா விஷயத்துல ஆபத்து என்னன்னா, மேல எழுதாத சரக்கை உள்ளே கலக்கறாங்க. டப்பாவைப் படிச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது. தடைப்பட்டியலை உலக முகமை ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் புதுசா போடும், அதுல பேர் இருக்கான்னு நான் பார்த்துச் சொல்றேன், ஆனா பட்டியல்ல இல்லன்னா சுத்தம்னு அர்த்தம் இல்ல. காய்ச்சல் இருமல்னு டாக்டர்கிட்ட போனாலும் "போட்டிக்குப் போறவன்"னு முதல்ல சொல்லச் சொல்லுங்க. சில இருமல் மருந்து, ஆஸ்துமா மருந்துலயும் சிக்கல் உண்டு. உண்மையிலேயே நோய்க்குத் தேவைன்னா முன்கூட்டியே அனுமதி வாங்க வழி இருக்கு.

வளர்ற பையனுக்குப் புரதம் வேணும்னா முட்டை, கொண்டைக்கடலை, மீன். காசிமேடு பக்கத்துல இருந்துக்கிட்டு டப்பாவுல புரதம் வாங்கறது எதுக்கு?

டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க, மாத்திரையையும் அந்தப் பேப்பரோட அப்படியே வைங்க. நாளைக்கு ஒரு கேள்வி வந்தா அதுதான் பிள்ளைக்கு ஆதாரம். டப்பாவோட முன்பக்கம், பின்பக்கம், அடியில இருக்கற பேட்ச் நம்பர் மூணையும் படம் எடுத்து இன்னைக்கு ராத்திரியே எனக்குத் தனிச் செய்தியில அனுப்புங்க. கடை 10 மணி வரைக்கும் திறந்திருக்கும், தம்பியையே நேர்ல கூட்டிக்கிட்டு வந்தா இன்னும் நல்லது. நீங்க சொன்னா கேக்காதவன், நான் சொன்னா கேக்கலாம்.